பதிலுக்கு விட்ட இடம்

கூலித் தகராறு பற்றி எழுதப் போன இடத்தில்தான் அந்த மெட்டை மறுபடியும் கேட்டேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைப் பகுதியில் ஒரு கிராமம். ஆட்சி மாறி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடைகளில் புதிய மந்திரிகளின் படங்கள் மாட்டியிருந்தன. வயல்களில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. நாற்சந்திகளில் போலீஸ் வேன் நிற்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஒரு தினசரியின் தஞ்சை மாவட்ட நிருபர். அறுப்பு எங்கே நின்றிருக்கிறது, எங்கே தொடங்கியிருக்கிறது என்று தினமும் எழுதி அனுப்புவதுதான் அந்தப் பருவத்தில் என் வேலை.

மிராசுதார் வீட்டுக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில், புளியமரத்தடியில் நாற்பது ஐம்பது பெண்கள் நின்றிருந்தார்கள். அவருடைய பண்ணையில் நடவு நட்டவர்கள், களையெடுத்தவர்கள். இப்போது அறுப்புக்கு இறங்க மறுத்து நின்றார்கள். காரணம் எளிது. கூலியை அங்கே களத்தில் நெல்லாக அளந்து போடுவார்கள். மிராசுதார் இரண்டு மரக்கால் வைத்திருக்கிறார், குத்தகை நெல் வாங்கப் பெரியது, கூலி நெல் போடச் சின்னது என்பது அவர்கள் புகார். சின்னதின் அடித்தகட்டை உள்பக்கமாகத் தட்டி மேடாக்கியிருக்கிறார்களாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சர்க்கார் முத்திரை போட்ட ஒரே மரக்கால் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அவர்கள் கோஷம் போடவில்லை. பாடினார்கள். முன்னால் நின்ற ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

"அளந்தாங்க அளந்தாங்க, அளந்து போட்டது என்னாங்க?"

"அடிமேடு தட்டுன மரக்காத்தான் பாருங்க!"

வார்த்தை புதிது. மெட்டு எனக்குத் தெரிந்தது. அதைப் போட்டவனையும் தெரியும்.

அவனும் நானும் கடலோர ஊர் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவனுடைய அப்பா லுத்தரன் சபையில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆள் கிடைக்காமல் மகனை உட்காரவைத்தார். பள்ளிக்கூடம் முடிவதற்குள் பாமாலைகளும் கீர்த்தனைகளும் அவன் விரலுக்கு வந்துவிட்டன. பிறகு நான் பத்திரிகை ஆபீசில் புரூஃப் திருத்தப் போனேன். அவன் சென்னையில் ஒரு சினிமா ஸ்டுடியோவின் வாத்தியக் குழுவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தான்.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோ ஒரு மில் மாதிரி. சங்கு ஊதாததுதான் குறை. தச்சர், மேக்கப்காரர், வயலின்காரர் எல்லாரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறுவார்கள். சென்னை ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் அவனைப் பார்க்க அங்கே போவேன். ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்களில் கம்பளி அடித்திருக்கும். பதிவு தொடங்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், சத்தம் ஏறிவிடும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். தபலாக்காரர் எங்கே உட்கார வேண்டும், புல்லாங்குழல்காரர் எதுவரை முன்னால் வரலாம் என்பதற்குத் தரையில் சாக்பீஸ் கோடு இருக்கும். வேர்த்து வழிந்தபடி, கோட்டைத் தாண்டாமல், முப்பது பேர் ஒரு பாட்டை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரியில் யாராவது இருமினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அங்கே அவன் மெல்ல மேலே வந்தான். முதலில் ஆர்மோனியம். பிறகு மற்றவர்களுக்கு நோட்ஸ் எழுதித் தருகிற இடம். பிறகு ஸ்டுடியோவின் மூத்த இசையமைப்பாளருக்கு உதவியாளன். அவர் உடம்பு சரியில்லாமல் படுத்த சமயத்தில் சின்னப் படம் ஒன்று இவன் கைக்கு வந்தது. டைட்டிலில் 'இசை' என்று போட்டு இவன் பெயர் தனியாக வந்தது. படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் படத்தில்தான் இந்த மெட்டு. கல்யாண வீட்டில் பெண் வீட்டுக்காரிகள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்கிற பாட்டு.

"வந்தாங்க வந்தாங்க, கொண்டு வந்தது என்னாங்க?"

"வெத்தலைத் தட்டுல வெறும் பாக்குத்தான் பாருங்க!"

அதை எங்கிருந்து எடுத்தான் என்று அப்போதே சொல்லியிருந்தான். "கோயில்லதான்டா. போதகர் ஒரு வரி சொல்வாரு, சபை ஒரு வரி சொல்லும். அதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாத."

படம் படுத்ததும் அவன் பழைய நாற்காலிக்குத் திரும்பினான். மற்றவர்கள் படங்களுக்குப் பின்னணி இசை கோத்துக் கொடுத்தான். "அழுகைக்கு வயலின், ஓட்டத்துக்கு டிரம்பெட், வில்லன் கதவைத் திறந்தா செல்லோ" என்று சிரிப்பான். பெயர் எங்கும் வராது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறபோதெல்லாம், சினிமாக் கொட்டகைப் பக்கம் போயிருக்காத அவன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இப்ப பேரு போடுறாங்களாடா?"

"போடுவாங்கப்பா."

புளியமரத்தடியில் பாட்டு ஓய்ந்ததும், முன்னால் நின்று கேள்வி கேட்ட பெண்ணிடம் போனேன். நாற்பது வயது இருக்கலாம். நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. மற்றவர்கள் அவளை அக்கா என்றார்கள், அவளைவிட மூத்தவர்களும்.

"இந்தப் பாட்டு யாரு கட்டுனதுங்க?"

"யாரு கட்டணும்? நாங்கதான்."

"மெட்டு?"

"அது கல்யாணத்துல கேட்டதுங்க. பொண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்புன்னா பாய் செட்டுல போடுவாரு. அதுல மாப்பிள்ளையத் தூக்கிட்டு மிராசுதார வச்சோம். அம்புட்டுத்தான்." பிறகு என் பேனாவைப் பார்த்தாள். "பேப்பர்ல போடுவீங்களா?"

"கோரிக்கையைப் போடுவேன்."

"பாட்டப் போடுங்களேன். கோரிக்கையத்தான் எல்லாரும் போடுறாங்க. யாரு படிக்கிறா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பாய் என்று அவள் சொன்னவர் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர். அண்ணன் தம்பிகள் ஜவுளிக்கடையில் இருக்க, இவர் மட்டும் ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டார். கடை முழுக்கக் கூம்புக் குழாய்கள் தொங்கும். தஞ்சாவூரில் ஓடாத படங்களின் ரெக்கார்டுகளை மொத்தமாக வாங்கிவருவார். ரெக்கார்டின் நடுவில் இருக்கும் லேபிள் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி நம்பர் எழுதிவிடுவார். படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் அந்தத் தாளுக்கு அடியில் போய்விடும்.

"பேரப் படிச்சிக்கிட்டிருந்தா தாலி கட்டி முடிச்சிருவாங்க சார். மாப்பிள்ளை எறங்குனா பதினேழு. பந்தி போட்டா முப்பது. இப்படி வச்சாத்தான் தோதுப்படும்."

"அந்தப் பதினேழு யாரு மியூசிக் தெரியுமா பாய்?"

ரெக்கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பதினேழு" என்றார்.

இரண்டு நாளில் அந்த நண்பனே வந்து இறங்கினான், உறை போட்ட ஆர்மோனியத்தோடு. நான் வரச் சொல்லவில்லை. ஸ்டுடியோ அனுப்பியிருந்தது. டெல்டா மிராசுதார்கள் பலர் அப்போது சினிமாவில் பணம் போட்டார்கள். ஒருவர் இவனுடைய ஸ்டுடியோவில் படம் எடுக்க முன்வந்து, இசைக்குத் தஞ்சாவூர் ஜில்லா ஆளாக இருக்க வேண்டும், தன் வீட்டுக்கு வந்து நாலு மெட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்தால் படம் இவனுக்கு. இல்லாவிட்டால் ஸ்டுடியோ வெளியாளைப் போடும். இசைப் பிரிவையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது.

"வயசு நாப்பது ஆவுதுடா" என்றான் டீக்கடையில். "இது போச்சுன்னா, கடைசி வரைக்கும் வில்லனுக்குக் கதவு திறந்துவிட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

மிராசுதார் யார் என்று கேட்டேன். சொன்னான். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் என்ன பாடுகிறார்கள் என்று சொன்னேன்.

முதலில் அவன் முகம் மலர்ந்தது. "என் பாட்டா? எத்தினி பேரு பாடுறாங்க?"

"நாப்பது அம்பது இருக்கும்."

"கோரஸுக்கு ஸ்டுடியோவுல எட்டுப் பேருக்கு மேல தரமாட்டாங்கடா." அதன்பிறகுதான் உறைத்தது. "யாரு வாசல்லன்னு சொன்ன?"

மறுநாள் காலை மிராசுதாரின் கார் வந்தது. ஸ்டுடியோவின் புரொடக்ஷன் மேனேஜர் முன்சீட்டில் இருந்தார். பின்னால் நாங்கள் இருவரும், நடுவில் ஆர்மோனியம். கார் வாசலில் திரும்பியபோது புளியமரத்தடியில் குரல் ஏறியது. நண்பன் கண்ணாடியை இறக்கினான். மேனேஜர் ஏற்றச் சொன்னார்.

மிராசுதார் கூடத்து ஊஞ்சலில் இருந்தார். ஐம்பது வயதுக்காரர், சில்க் சட்டை, காலில் செருப்பில்லை. என்னை அவருக்குத் தெரியும். "பேப்பர்காரரும் வந்திருக்கீங்களா? வாங்க வாங்க. இன்னிக்குச் சங்கீதத்த எழுதுங்க, மரக்கால விடுங்க" என்றார்.

நண்பன் பாயில் உட்கார்ந்து வாசித்தான். காதல் மெட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று, மற்றும் இரண்டு. நன்றாகவே வாசித்தான். நான்காவது நடக்கும்போது வெளியே பெண்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்த மிராசுதாரின் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அது ஆர்மோனியத்தின் தாளத்தை விட்டுவிட்டு, வெளியே கேட்ட தாளத்துக்குத் தரையை உந்தியது. நண்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலும் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் மிராசுதார். "ஒண்ணும் காதுல நிக்கலையே."

"இன்னொண்ணு புதுசா..." என்று மேனேஜர் தொடங்கினார்.

"வெளியில பாடுறாளுங்க பாருங்க. திட்டுறது என்னையத்தான். ஆனா கெணத்தடியில குளிக்கும்போது நானே அதைத்தான் முணுமுணுக்கிறேன். வீட்டுல சம்சாரம் கேட்டுட்டுச் சிரிக்கிறா. அந்த மாதிரி ஒண்ணு போட முடியாதா உங்களால?" என்று சொல்லிவிட்டு, தன்னைத் திட்டுகிற வரியைத் தானே, வார்த்தையில்லாமல், சுத்தமாக முனகிக் காட்டினார்.

நண்பனின் விரல்கள் கட்டையில்தான் இருந்தன. அவை அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. பெண்கள் பாடுவது பல்லவி மட்டும். சரணத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒற்றைக் குரலுக்குப் போட்டது, வளைவு அதிகம். அவன் சரணத்தையும் வாசித்து மறுபடி பல்லவிக்கு வந்து சேர்ந்தான்.

ஊஞ்சல் நின்றது.

"நடுவுல வந்தது இவளுங்க பாடலையே. அது எங்கேருந்து வந்துச்சு?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "தம்பிக்கு அப்படி ஒரு ஞானங்க! நீங்க பாடிக் காட்டுனதும் மேற்கொண்டு தானா கட்டிப்புட்டாரு பாருங்க."

அதைப் பிடித்துக்கொண்டு அவன் கரையேறியிருக்கலாம். தலையை ஆட்டினாலே போதும், படம் கையில் விழுந்திருக்கும். அவன் துருத்தியை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"இல்லீங்க. மெட்டு என்னுது. முந்தி ஒரு படத்துக்குப் போட்டது. படம் ஓடலை. இப்ப இருக்கிற சொல்லு மட்டும் அவங்களுது."

மேனேஜர் கூடத்து உத்தரத்தைப் பார்த்தார்.

"அப்ப," என்றார் மிராசுதார் மெதுவாக, "என்னையத் திட்டுறதுக்கு மெட்டுப் போட்டவரையே கார் அனுப்பி அழைச்சாந்து, காப்பியும் குடுத்திருக்கேன்."

"காப்பி நல்லா இருந்துச்சுங்க" என்றான் நண்பன்.

மிராசுதார் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. ஆளனுப்பி அந்தத் தலைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து வாசற்படிக்குக் கீழே நின்றாள். அவளுடைய அம்மா காலத்தில் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி வந்திருக்க மாட்டார்கள். 'ஆண்டே' என்று கூப்பிட்டிருப்பார்கள். இவள் "என்னங்கய்யா?" என்றாள். கூடத்துக்குள் வா என்று மிராசுதார் சொல்லவில்லை. ஆர்மோனியத்தை வாசல் நடைக்கு நகர்த்தச் சொன்னார்.

"நீங்க பாடுற பாட்டு இவரோடதுன்னு சொல்றாரு."

அவள் நண்பனை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கலாங்க. ஆனா எங்ககிட்ட வந்து ரொம்ப நாளாச்சு."

"வாசிக்கிறேன், கேளுங்க" என்று அவன் பல்லவியை வாசித்தான்.

"இதான், கல்யாணப் பாட்டு. ஆனா கடைசியில எறங்குது பாருங்க. நாங்க எறக்கறதில்ல."

"கேலிப் பாட்டுங்க அது. கேலி பண்ணுனா சிரிச்சிட்டுக் கீழ எறங்கணும். அதான் அப்படிப் போட்டேன்."

"சரிதான். உங்களுக்குக் கேலி. நாங்க கேக்கறமில்ல? கேக்கும்போது கொரல எறக்குனா, போயிட்டு நாளைக்கு வாம்பாங்க."

அவன் அதை வாசித்துப் பார்த்தான், கடைசி ஸ்வரத்தை இறக்காமல், மேலேயே நிறுத்தி. இரண்டு முறை வாசித்தான். "பாடிக் காட்டுங்களேன்" என்றான்.

"இங்கயா? ஐயா மொகத்துக்கு நேராவா?"

"இத்தினி நாளா என் மொதுகுக்குப் பின்னாலயா பாடுன?" என்றார் மிராசுதார். "பாடு பாடு."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேள்வியைப் பாடினாள். பாடிவிட்டு நிறுத்தினாள். பதில் பாட அங்கே யாரும் இல்லை. ஒரு கணம் துருத்தியில் காற்று இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சாலைக்கு அப்பால், புளியமரத்தடியிலிருந்து, அத்தனை பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். மதில் சுவர் மறைத்ததால் ஆள் யாரும் தெரியவில்லை. குரல் மட்டும் உள்ளே வந்தது.

நண்பன் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் போன பிறகும் சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிராசுதார் மறுபடி ஊஞ்சலை ஆட்டினார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது என்பது கால் வேகத்தில் தெரிந்தது.

"தம்பி, இந்த மெட்டையே போடுங்க. நம்ம படத்துல. நல்ல சொல்லா எழுதச் சொல்லுங்க. கதாநாயகி பாடட்டும், ரேடியோவுல வரட்டும், கல்யாணத்துக்குக் கல்யாணம் போடட்டும். அப்பறம் இவளுங்க வாயில அதுதான் வரும். மரக்கா மறந்துபோயிடும்." வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிற மாதிரி கையைக் காட்டினார். "அடைக்க முடியாதுங்க இதெல்லாம். வேற பக்கம் திருப்பிவிடணும்."

"போடறேங்க" என்றான் நண்பன். "டைட்டில்ல என் பேரு தனியா வரணும்."

"பெரிசாவே போடுங்க. திட்டு வாங்கறது நான், பேரு வாங்கறது நீங்க. நடக்கட்டும்."

திரும்பும்போது கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வந்தோம். மேனேஜர் இல்லாத இடத்தில் அவனிடம் கேட்டேன்.

"அவரு எதுக்குக் கேக்குறாருன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சுமா ஒத்துக்கிட்ட?"

"மெட்டு என்னுது, நான் போடுவேன். ஆனா கேள்விய மட்டுந்தான் போடுவேன். பதில் வர்ற எடத்துல சொல்லு கெடையாது. சும்மா வாத்தியம்." பஸ் குலுங்கியதில் ஆர்மோனியத்தை மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டான். "கோயில்ல பாத்திருக்கேல்ல? போதகர் சொல்லிட்டு நிறுத்துவாரு. சபை சொல்லாம இருக்க முடியாதுடா. வாய் தானா தெறக்கும்."

"தெறக்கலேன்னா?"

"தெறக்கலேன்னா அவரு சொன்னதுதான் நடக்கும். என் மெட்ட வச்சே அவங்க பாட்ட அழிச்சவன் ஆயிடுவேன்."

அந்த வாரமே தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. முத்திரை மரக்கால் வரவழைப்பதாக மிராசுதார் தரப்பு ஒப்புக்கொண்டது. அறுப்பு தொடங்கியது. நான் எழுதிய செய்தி நாலு வரி வந்தது. பாட்டுக்கு அதில் இடமில்லை. மரக்கால் மட்டும் வந்தபாடில்லை. தாசில்தாரைக் கேட்டால் எழுதியிருக்கிறோம் என்பார்.

ஒலிப்பதிவுக்கு நான் போயிருந்தேன். பாட்டு எழுதியவர் அறுவடைக் காட்சிக்கு ஏற்ற மாதிரி, நாயகி நாயகனைக் கேட்பதாக எழுதியிருந்தார்.

"விளைஞ்சதாங்க விளைஞ்சதாங்க, வீடு சேர்ந்தது என்னாங்க?"

கடைசி ஸ்வரம் இறங்கவில்லை. மேலேயே நின்றது. அடுத்த நான்கு தாளத்துக்குக் கிளாரினெட் ஒன்று மட்டும் வாசித்தது. பாடகி இரண்டடி பின்னால் போனார். கிளாரினெட்காரர் கோடு வரை முன்னால் வந்தார்.

"இங்க ஒரு கோரஸ் வச்சிருக்கலாமே. மொட்டையா இருக்கே" என்றார் மேனேஜர்.

"நாயகன் சிரிக்கிறதுக்கு எடம் வேணும்ல சார்?"

நாயகனாக நடித்தவரின் காதுக்கு அது போயிருக்கிறது. அந்த நான்கு தாளத்துக்கும் காமிரா தன் முகத்தில்தான் இருக்கும் என்று தெரிந்ததும், யாராவது கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டாராம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அடுத்த தைப் பொங்கலுக்குப் படம் வெளிவந்தது. திருத்துறைப்பூண்டி தியேட்டரில் பகல் ஆட்டத்துக்குப் போனோம். நண்பன் சென்னையிலிருந்து வந்திருந்தான். டிக்கெட் கிடைத்தும் உட்காரவில்லை. பின்சுவரோடு சுவராக என் பக்கத்தில் நின்றான். மேலே மாடி சோபாவில் மிராசுதார், குடும்பத்தோடு. கீழே தரை டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில், கரும்பு கடித்துக்கொண்டு, புளியமரத்தடி முகங்கள் பல தெரிந்தன. தலைவி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டைட்டில் ஓடியது. 'இசை' என்று வந்து, அதன் கீழே அவன் பெயர் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தது. நாயகி கேட்டாள். கிளாரினெட் வாசித்தது. கொட்டகையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாயகன் சிரித்தார். முன்பெஞ்சில் ஒருவன் விசிலடித்தான், அதுவும் நாயகனுக்கு. நண்பனின் உள்ளங்கை சுவரில் அழுந்தியிருந்தது. தலைவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கரும்புத் துண்டு கையிலேயே இருந்தது.

சரணம் முடிந்து நாயகி இரண்டாம் முறை கேட்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், தனியாக, பாதி விளையாட்டாக எழுந்தது. "அடிமேடு தட்டுன..." அது தலைவி இல்லை. இள வயதுக் குரல். அந்த வரியை அவள் முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாம் முறை ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. நான்காம் முறை நாயகி கேட்டு வாய் மூடுவதற்குள் பெஞ்சு, நாற்காலி எல்லாம் சேர்ந்து, "மரக்காத்தான் பாருங்க!" என்று கூரைத் தகரம் அதிரச் சொன்னது. பலர் எங்கிருந்தோ பொங்கலுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மரக்கால் சண்டை தெரியாது. ஆனாலும் சொன்னார்கள். பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் கேட்டு ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்கள். ஆபரேட்டர் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி போட்டார்.

நண்பன் என் தோளில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சத்தம் வரவில்லை.

இடைவேளையில் சோடாக் கடைக்கு முன்னால் மிராசுதார் நின்றிருந்தார். மேனேஜர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். நண்பன் நேராகப் போய் வணக்கம் சொன்னான்.

"எடம் விட்டு வச்சிட்டீங்களே தம்பி."

"ஆமாங்க."

"எப்ப தோணுச்சு? என் வீட்டுலயேவா?"

"அவங்க ரோட்டுலேருந்து பதில் சொன்னாங்களே, அப்பங்க."

மிராசுதார் சோடாவைக் குடித்து முடித்தார். தூணைப் பார்த்து, "மேனேஜர், டிக்கெட் நெலவரம் என்ன?" என்றார்.

"ஹவுஸ்ஃபுல்லுங்க. அடுத்த ஆட்டத்துக்கும் கியூ நிக்குது."

"என்னையத் திட்டுறதுக்கு நானே படம் எடுத்து, நானே டிக்கெட்டும் வித்திருக்கேன்" என்றார். முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "அடுத்த படத்துக்கும் நீங்களே போடுங்க தம்பி. இந்தத் தடவ என் மச்சினன் பண்ணையில என்ன தகராறுன்னு விசாரிச்சுச் சொல்றேன். அவன் பேருல போடுங்க."

முத்திரை மரக்கால் அந்த வருஷ அறுப்புக்கு வந்தது. பாட்டால்தான் வந்தது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. வந்தது என்பதைப் பார்த்தேன். களத்தில், வெயிலில், அந்தத் தலைவி அதற்குள் கையை விட்டு அடித்தகட்டைத் தடவிப் பார்த்தாள்.

அன்று படம் விட்டதும் அவனைப் பாயின் கடைக்கு அழைத்துப்போனேன். புதுப்படத்தின் ரெக்கார்டு அதற்குள் அவர் கையில் இருந்தது. ஒரு கிண்ணத்தில் பசை, பக்கத்தில் வெட்டிவைத்த வெள்ளைத்தாள். நம்பர் எழுதிவிட்டிருந்தார்.

"லேபிள் மேல ஒட்டாதீங்க பாய்" என்றான் நண்பன்.

"அப்ப நம்பர எங்க சார் ஒட்டுறது? என் மொகத்துலயா?"

நண்பன் ரெக்கார்டை வாங்கி, நடுவில் சின்ன எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினான். "இது நான்."

பாய் பெயரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பதினேழா?"

"பதினேழும் இவர்தான்" என்றேன்.

"அட! இத்தினி வருஷம் நம்ம பொழப்புல பாதி பதினேழுதானே சார் போட்டுச்சு!" கத்தரிக்கோலை எடுத்து, தாளை நாலில் ஒரு பங்காக நறுக்கினார். நம்பரைப் பொடியாக மறுபடி எழுதி, பெயருக்கு எட்டாமல், லேபிள் ஓரத்தில் ஒட்டினார். ஊதிக் காயவைத்து ரெக்கார்டைத் தட்டில் வைத்தார். வாசலில் கட்டியிருந்த குழாய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் பாட ஆரம்பித்தது.

எங்கள் பஸ் எதிரே உறுமிக்கொண்டிருந்தது. "கௌம்பிட்டான்டா, வா" என்றேன்.

"இரு" என்றான். "இப்ப கேப்பா."